முதல் அட்வான்ஸ் வாங்கிய கை

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் மனைவி. பசை தடவுகிற இரண்டு பெண்கள். பதினோரு வருடமாக எங்களிடம் வேலை பார்த்த அக்கா. விருதுநகரிலிருந்து வந்திருந்த வத்தல் கடை அண்ணாச்சி. அண்ணாச்சியின் டிரைவர் வெளியே காரிலேயே உட்கார்ந்து போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைச் சேர்க்க முடியாது. இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன்பிறகு பல மாதங்கள், அங்கே இல்லாத ஆட்களையெல்லாம் மனதுக்குள் கூட்டிவந்து அந்த அறையில் உட்கார வைத்துப் பார்த்தேன். அட்டைக் கடைக்காரர் இருந்தார், அவர்தான் தைரியம் சொன்னார் என்று. மச்சினன் இருந்தான், அவன்தான் அவசரப்படுத்தினான் என்று. யாரும் இல்லை. ஆறு பேர்தான். முடிவெடுத்தது அதில் ஒரே ஆள்.

எங்களுக்குத் திருத்தங்கலில் தினசரி காலண்டர் ஒட்டுகிற தொழில். படமும் கடைப் பெயரும் அச்சடித்த அட்டை ஒரு பிரஸ்ஸிலிருந்து வரும். தேதிக் கட்டு இன்னொரு பிரஸ்ஸிலிருந்து வரும். இரண்டையும் சேர்த்து ஒட்டி, மேலே தகரம் வைத்து அடித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி லோடு ஏற்றிவிடுவது எங்கள் வேலை. வாடகை அறை ஒன்று, மிஷின் ஒன்று, பிளாஸ்டிக் சேர் மூன்று. கம்பெனி என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம்.

ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜையில் வைத்துத் திறப்போம். ஊர் முழுக்க அப்படித்தான். அன்றைக்கு வரும் முதல் ஆர்டரைத் திருப்பி அனுப்பக் கூடாது, அட்வான்ஸாக நூற்றியொன்றோ ஆயிரத்தியொன்றோ வெற்றிலையில் வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிற கை ராசியான கையாக இருந்தால் சீசன் ஓடிவிடும். எங்கள் அறையில் அந்தக் கை அக்காவுடையது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்பை முடிக்கவில்லை. கணக்கில் எனக்குக் கூட்டலும் கழித்தலும் வரும், சதவீதம் என்றால் யாராவது சொல்லித்தர வேண்டும். அதைவிடப் பெரிய குறை என் பயம். மழை வந்தால் அட்டை நமத்துப்போகும் என்று பயம், வராவிட்டால் ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு விளைச்சல் இல்லாமல் பணம் வராது என்று பயம். லாரி கிளம்பினால் டயர் வெடிக்கும் என்று தோன்றும். பெரிய தொழிலதிபர்கள் எல்லாம் மனசு சொன்னதைக் கேட்டுத்தான் முன்னுக்கு வந்தார்கள் என்று போனில் வீடியோ போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். என் மனசு பேசாமல் இருந்த நேரம் ஒன்று உண்டா? நல்ல ஆர்டருக்கும் வயிறு கலங்கும், கெட்ட ஆர்டருக்கும் அதே கலக்கம்தான். எது எச்சரிக்கை, எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

தொழில் தொடங்கிய முதல் வருடம் அட்வான்ஸ் வாங்கும் நேரத்தில் நான் கை நீட்டாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற அக்கா, "இங்கன குடுங்க, நான் வாங்குதேன்" என்று வாங்கிப் பெட்டியில் போட்டார். அந்த வருடம் நன்றாக ஓடியது. அடுத்த வருடமும் அவரையே வாங்கச் சொன்னேன். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. அக்கா வாங்கிப் பெட்டியில் போட்டதும் என் வயிறு அடங்கிவிடும். அது கொடுத்த நிம்மதிக்கு ராசி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அக்கா எங்களிடம் வருவதற்கு முன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தவர். அவர் வேலை பார்த்த இடத்துக்கு நாலு ஷெட் தள்ளி ஒருநாள் வெடித்தது. மறுநாள் வேலைக்கு ஏற்றிப்போக வந்த கம்பெனி வேனில் அவர் ஏறவில்லை. எங்களிடம் கூலி குறைவு. ஆனாலும் வந்தார். "இங்கன காகிதந்தான தம்பி. விரல்ல வெட்டுப்பட்டா நம்ம பசையவே தடவி ஒட்டிக்கிடலாம்" என்பார். நான் இருக்கும் வரைக்கும் நீங்கள் வேனில் ஏற வேண்டாம் என்று நான் சொன்னதுண்டு. ஒரு தடவை அல்ல, பல தடவை.

அந்த வருடம் சித்திரையில் அக்காவின் வீட்டுக்காரர் காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அக்கா கம்மலை அடகு வைத்திருந்தார். ஆடி தொடங்கும்போது என்னிடம் வந்து, "எங் கூலியில வாரம் ஐந்நூறு ஒங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. கையில இருந்தா கரைஞ்சிரும். தையில மொத்தமாக் குடுத்தீகன்னா கம்மலத் திருப்பிருவேன். இல்லன்னா மறுபடி அந்த வேன்தான்" என்றார். சரி என்றேன்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் சொந்தக்காரர் ஒருவர் போனில் கேட்டார், "இந்த வருசமும் அந்தப் பொம்பள கையிலதான் வாங்கப் போறியா?" எனக்குப் புரிந்தது. அதெல்லாம் நான் பார்ப்பதில்லை என்று சொல்லி போனை வைத்தேன். அன்றிரவு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது பாதிதான் விளங்கும்.

அண்ணாச்சி காலையிலேயே வந்துவிட்டார். விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு மொத்தக் கடை. அதற்கு முன் அவர் எங்களிடம் வந்ததில்லை. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன முதலாளி, பதினோரு வருசங்கிறீக, இன்னும் பிளாஸ்டிக் சேர்தானா? இந்த வருசம் என் ஆர்டர்ல சோபா வாங்கிப் போட்டிருங்க."

முதலாளி என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. காரில் வந்து இறங்கிய ஒருவர் சொல்கிறார். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

நாலாயிரம் காலண்டர் கேட்டார், ஒன்று நாற்பத்தைந்து ரூபாய். எங்களுக்கு அதுவரை வந்ததில் பெரிய ஆர்டர் ஆயிரத்து ஐந்நூறுதான். அன்றைக்கு ஆயிரத்தியொன்று, லோடு இறக்கும்போது நாற்பதாயிரம், மிச்சம் பொங்கல் கழித்து என்றார்.

மனைவி என்னை அட்டை அடுக்குக்குப் பின்னால் கூப்பிட்டாள். பிளஸ் டூ வரை படித்தவள். கிழித்த காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"அட்டை, கட்டு, அச்சு, கூலி எல்லாம் போக ஒண்ணுக்கு நாலு ரூவா நிக்கும். அவரு முன்பணம் தரலன்னா நாம வட்டிக்குத்தான் வாங்கிப் போடணும். அதுல ரெண்டு ரூவா போயிரும். எட்டாயிரம் ரூவா பாக்கதுக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஊர்ல விடணுமாங்க?"

"மொத ஆர்டர். திருப்பி அனுப்ப முடியுமா?"

"பாதி முன்பணம் கேளுங்க. தந்தா செய்வோம், இல்லன்னா ஆயிரம் மட்டும் செஞ்சு குடுப்போம். அது திருப்பி அனுப்புறது ஆகாதுல்ல?"

அது சரியான வழி என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. பாதி கேட்டால் அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். கேட்காவிட்டால் பணம் வராதோ என்றும் பயம். இரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்க வேண்டிய ஆள் நான். யோசிக்கவில்லை. இந்தக் கலக்கம் சீக்கிரம் அடங்கினால் போதும் என்றிருந்தது. அடங்குகிற வழி எனக்குத் தெரியும். "அக்கா, வாங்க. வாங்கிப் போடுங்க" என்று கூப்பிட்டேன்.

அண்ணாச்சி வெற்றிலையில் பணத்தை வைத்துக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆனால் அவர் பக்கம் போகாமல் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒரு நிமிசம் வெளிய வாரீகளா?"

"மொதல்ல வாங்கிப் போடுங்கக்கா. பெறகு பேசுவோம்."

"இல்ல தம்பி, எனக்கு என்னமோ சரியாப் படல. எந்தங்கச்சி அங்கனதான்..."

"நல்ல நேரம் போயிரும்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு போய்க் கையை நீட்டினார். வெற்றிலையோடு வாங்கிப் பெட்டியில் போட்டார். என் வயிறு அடங்கியது. அவர் சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் கேட்டிருக்கலாம். அட்டைக்குப் பணம் கட்டும் முன், ஒரு வாரம் இருந்தது, கேட்டிருக்கலாம். கேட்டால் அடங்கினது மறுபடி கிளம்புமே என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன், அதுதான் வேடிக்கை. எல்லாம் எடுத்த முடிவுக்குச் சாதகமான யோசனை. பெரிய கடை, நாலு பேருக்குத் தெரிந்த பெயர், காரில் வந்தார், அடுத்த வருடம் ஆறாயிரம் கேட்பார். மனைவியிடம் இதையெல்லாம் ஒன்று ஒன்றாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அன்னைக்கே யோசிச்சீகளா, இன்னைக்கு யோசிச்சீகளா?" என்றாள். கோபம் வந்தது. எழுந்து மிஷின் பக்கம் போனேன்.

வட்டிக்கு வாங்கினது போதவில்லை. தகரத்துக்கும் கூலிக்கும் இழுபறி. அக்காவின் வாரம் ஐந்நூறு தனி டப்பாவில் இருந்தது. அதையும் எடுத்தேன். பொங்கல் கழித்து வந்துவிடும் என்றுதானே எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டேன். எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் லோடு போனது. அண்ணாச்சி நாற்பதாயிரம் கொடுத்தார். பொங்கல் கழிந்து ஒரு வாரம் போன் எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. நான் பஸ் ஏறி விருதுநகர் போனேன். கடை சாத்தியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க எந்த வகை? பருப்பா, வத்தலா?" என்றார். காலண்டர் என்றேன். "அட, காலண்டர்காரரையும் விடலயா!" என்று உள்ளே திரும்பி யாரிடமோ சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தலைக்கு மேல் நாங்கள் ஒட்டின காலண்டர் தொங்கியது. பஜாரில் எந்தக் கடைக்குள் பார்த்தாலும் அதுதான் தொங்கியது, அண்ணாச்சி பெயரோடு. டீக்கடையில் ஒருத்தர் அன்றைய தாளைக் கிழித்து வடை வைத்துக் கொடுத்தார். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய். இன்று வரை வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை, அது தொழிலில் நடப்பது. நான் எழுத உட்கார்ந்தது வேறு.

அன்று மதியம் அறைக்குத் திரும்பினேன். சீசன் முடிந்து கொஞ்சம் டைரி வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி இருந்தாள், பசை தடவுகிற பெண்கள் இருந்தார்கள், அக்கா இருந்தார். நான் போன காரியம் என்னவானது என்று அவர்களுக்குத் தெரியாது. அக்கா எழுந்து வந்தார்.

"தம்பி, அடகுக்கடையில வெள்ளிக்கிழமை வரைக்குந்தான் நாள் சொல்லியிருக்காக. அந்தப் பன்னெண்டாயிரம்..."

டப்பா காலி. அதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பணத்தை நான் எடுத்துவிட்டேன் அக்கா, தோற்றுவிட்டேன் என்று சொல்ல ஏழு எட்டு வார்த்தை போதும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எம்புட்டு போயிருக்குன்னு தெரியுமா? ஒங் கையில வாங்கி வச்சதுக்குத்தான் இந்த வெளங்காத்தனம். தாலி எறங்கின கைன்னு ஊரே சொல்லிச்சு. நாந்தான் புத்தி கெட்டுப்போயி நீட்டச் சொன்னேன்."

பசைத் தட்டில் பிரஷ் நின்றது. மனைவி, "என்ன பேசுதீக நீங்க!" என்றாள். அந்தச் சொற்கள் திடீரென்று வாயில் முளைத்தவை அல்ல. போனில் சொந்தக்காரர் கேட்டபோது நான் பார்ப்பதில்லை என்று தள்ளினேன் அல்லவா, அப்போதே உள்ளே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். தோற்றால் சாய்ந்துகொள்ள ஒரு இடம் வேண்டுமே. ராசி என்று பதினோரு வருடம் கும்பிட்ட கையை, தோற்றதும் அதே வேகத்தில் பழித்தேன். லாபம் வந்த வருடங்களில் அந்தக் கைக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கொடுத்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அக்கா அழவில்லை. வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். விரல் இடுக்கில் காய்ந்த பசையை நகத்தால் சுரண்டி எடுத்தார், நேரம் எடுத்துக்கொண்டு. பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எந்தங்கச்சி அந்தாளு குடோன்ல வத்தல் காம்பு கிள்ளுதா. ஆடியிலேயே அவளுக்கு மூணு வாரக் கூலி நின்னுச்சு. கிள்ளுத பொம்பளைக்கே கூலி குடுக்காதவன் ஒங்களுக்கு எப்பிடிக் குடுப்பான்னு சொல்லத்தான் வந்தேன். நல்ல நேரம் போயிரும்னீக."

போய்விட்டார்.

அவர் 'சரியாப் படல' என்றதற்குள் மூன்று வாரக் கூலி இருந்தது. மனைவியின் காலண்டர் தாளில் கணக்கு இருந்தது. ஒன்று ஒரு வழியாகவும் மற்றது வேறு வழியாகவும் ஒரே இடத்துக்கு வந்து என் முன்னால் நின்றன. இதைவிட ஒரு வியாபாரிக்கு என்ன வேண்டும்? எனக்கு இரண்டும் வேண்டாம், வயிறு அடங்கினால் போதும் என்றிருந்தது. படிக்காததால் தவறினேன் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அக்கா பள்ளிக்கூடமே போனதில்லை.

அடுத்த வாரம் மனைவி சொன்னாள், அக்கா வேனில் போகிறார் என்று. மருந்து அடைக்கிற வேலையேதான், எங்களிடம் வாங்கியதைவிடக் கூலி கூடுதல். கம்மல் ஏலத்துக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் எங்காவது தூரத்தில் சத்தம் கேட்டால் ஊரில் எல்லோரும் எந்தக் கம்பெனி என்று விசாரிப்பார்கள், நானும் விசாரிப்பேன். இப்போது கதவு படாரென்று சாத்தினாலே எழுந்து நிற்கிறேன். அக்காவின் வேன் திரும்பி வரும் சாயங்காலம் ஆறு மணி வரை எனக்கு வேறு எந்தப் பயமும் இல்லை.

மனைவி பிளவுஸ் தைத்த காசில் வாரம் ஐந்நூறாக ஒன்பது வாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா ஒவ்வொரு தடவையும் எண்ணி வாங்கிக்கொண்டாராம். "வேண்டாம்னு சொல்லுவாகன்னு நெனச்சீகளா? அவுக காசு" என்றாள் மனைவி. பத்தாவது வாரம் கொடுக்கவில்லை. "மிச்சத்த நீங்க போயிக் குடுங்க. எடுத்தது நீங்க, பேசினதும் நீங்க."

ஏழாயிரத்து ஐந்நூறு. போகாமல் எத்தனை வாரம் கடத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த ஆடிப் பதினெட்டும் வந்து போனது. ஆவணியில் ஒருநாள், ஆயிரத்து ஐந்நூறை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, வேன் நிற்கிற முக்கில் போய் நின்றேன். வேன் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அக்காவின் முகத்திலும் கையிலும் அலுமினியப் பவுடர் பளபளத்தது. வயதானாற்போல் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"யாருக்கா அது, பொண்ணு பாக்க வந்திருக்காரா?" என்று வேனுக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள். உள்ளே சிரிப்பு.

"அவருக்கு எதுக்குப் பொண்ணு? ராசி பாக்க வந்திருக்காரு" என்றார் அக்கா. இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினார். "பாருங்க தம்பி, வெள்ளிக்கை. இதுக்கு என்ன சொல்லுது ஊரு?"

நான் கவரை நீட்டினேன். உள்ளே இருப்பதை எடுத்து, என் முன்னாலேயே எண்ணினார். நோட்டில் பவுடர் ஒட்டியது.

"இந்த ஆடிக்கு யாரு கையில வாங்குனீக?"

"யாரும் வாங்கலக்கா. போன்ல அனுப்பிட்டாக."

"போனுக்கு ராசி உண்டா?"

வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு நான் பேசினது தப்பு அக்கா, என்னை மன்னிச்சு, நீங்க திரும்ப நம்ம இடத்துக்கே... பாதிக்கு மேல் போக முடியவில்லை. அக்கா கையை அசைத்து நிறுத்தினார்.

"வேலைக்கு வாரதப் பத்தி நான் யோசிச்சுக்கிடுதேன். மன்னிப்பெல்லாம் வீட்டுல போயி வச்சுக்கோங்க. அன்னைக்கு நாலு பேருக்கு முன்னால பேசுனீகள்ல? இப்ப இங்கன பத்துப் பேரு இருக்காக. நீங்க எனக்கு இன்னும் எம்புட்டு குடுக்கணும்? அதச் சொல்லுங்க."

மெதுவாகச் சொன்னேன்.

"இஞ்சின் சத்தத்துல கேக்கல தம்பி."

வேன் கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். நான் தலையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆறாயிரம் ரூபாய்."